ஆறும் ஏழும் ஒன்றென்று சொன்னவர்

ஷாகிரா அக்காவைப் பற்றி எதையும் கூட்டாமல் குறைக்காமல் எழுதப் போகிறேன். அவரை அறிந்த நீங்கள் என்னைக் கோபித்துக்கொண்டாலும் சரி.

பள்ளிக்குப் போக அப்பாவுடன் எங்கள் மலையில் புதூர்நாட்டுக்குப் போகும் ஜீப்புக்காக நின்றிருந்தபோது நர்ஸ் அக்கா வந்து சொன்னார்: “வாணியம்பாடி மேடம் போய்ட்டாங்கம்மா. நெஞ்சுவலியாம்.” ஷாகிரா அக்காவை அவர் அப்படித்தான் சொல்வார்.

வேலூரில் ஒரு பரிசோதனைக் கூடத்தில், மரபணுப் பிழைகளுக்குப் பெயர் குறிக்கும் மென்பொருளைக் கவனித்துவந்தவர் அவர். அம்மா கர்ப்பமாக இருந்தபோது ரத்தப் பரிசோதனை முகாம் நடந்தது. அம்மாவின் மரபணுவில் ஏழாம் இடத்தில் பிழை என்று அக்காவின் கூடத்திலிருந்து அறிக்கை வந்தது. வேறொரு கூடம் கொடுத்த அப்பாவின் பழைய அறிக்கையில் ஆறாம் இடம். இரண்டும் வேறு வேறு என்றது மென்பொருள். இருவருக்கும் ஒரே பிழை இருந்தால்தான் பிள்ளைக்கு நோய் வரும், பயமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். தம்பி பிறந்த எட்டாம் மாதத்தில் அவனுக்குக் கையும் காலும் வீங்கின. ரத்த அணுக்கள் அரிவாள்போல் வளைந்துபோகும் அரிவாள் செல் நோய். முன்பே தெரிந்திருந்தால் பிறந்ததுமே மருந்து தொடங்கியிருக்கலாம்.

ஆறும் ஏழும் ஒன்றுதான் என்று சொல்ல அக்கா மலையேறி வந்தார். யாரும் அவரை அனுப்பவில்லை.

“ஆறு எப்படிங்க ஏழாவும்?” என்று அம்மா கேட்டாள்.

“ஜீப்புல டிரைவரையும் சேத்து எண்ணினா நீங்க ஏழாவது ஆளு. சேக்கலன்னா ஆறாவது. பழைய முறையில மொத ஆள எண்ண மாட்டாங்க, புதுசுல எண்ணுவாங்க. ஆளு ஒண்ணுதாங்க.”

“இது உங்க கம்ப்யூட்டருக்குத் தெரியாதா?”

“பழைய பேரு, புதுப் பேரு ரெண்டையும் வெக்கணும்னு ஆபீசுல கேட்டேன். புதுசு மட்டும் போதும்னாங்க. சும்மா இருந்துட்டேன்.”

அம்மா அவருக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

அதன்பிறகும் அவர் மாதாமாதம் தம்பியைப் பார்க்க வந்தார். “ஏழாம் நம்பர் வந்துட்டாங்க” என்பார் அப்பா. “ஆறுன்னும் கூப்புடலாங்க” என்று சொல்லிவிட்டு உட்காருவார் அக்கா. பழைய பெயரையும் புதிய பெயரையும் அருகருகே எழுதிய பட்டியல் ஒன்று வைத்திருந்தார். கூடத்தில் அதை ஏற்கவில்லை. என் கையெழுத்து தெளிவாக இருக்கிறதென்று ஒரு பிரதி எழுதச் சொன்னார்.

அவருடைய அலுவலகத்தில் நடந்த இரங்கல் கூட்டத்துக்கு அப்பாவும் நானும் போனோம். அவர் உழைப்பை மறக்க முடியாது என்று மேலாளர் பேசினார். கூட்டம் முடிந்ததும் அவரிடம் கேட்டேன்: “சார், இப்ப பழைய பேரு, புதுப் பேரு ரெண்டும் மென்பொருள்ல இருக்குதுங்களா?”

“அதெல்லாம் அவங்க பாத்துக்கிட்டிருந்தாங்க. இனி பாக்கணும்மா.”

நான் பிரதியெடுத்து வைத்திருந்த பட்டியலை நீட்டினேன். மேசைமேல் வைக்கச் சொன்னார். நான் வைக்கவில்லை. அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியவை அந்தப் பட்டியலும் ‘சும்மா இருந்துட்டேன்’ என்ற சொல்லும்தான். “இன்னொரு பிரதி எழுதிட்டு வர்றேன் சார்” என்றேன். அவர் அதற்குள் வாசலுக்குப் போய்விட்டார். விளக்குகளை அணைத்தார்கள்.