அப்பா படத்துக்குப் பூ

தொண்ணூற்றி ஒண்ணில் நான் பென்னலூர்ப் பக்கம் ஒரு ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு ஆயா. என் படிப்பு மூணாவதோடு நின்றது. சோறு வடிப்பேன், பருப்பு கடைவேன், பாத்திரம் கழுவுவேன். என் பொண்ணு அங்கேயே நாலாவது படித்தாள்.

வூட்டுக்காரர் கூட இல்லை. செத்துப்போகவில்லை. ரோட்டோரம் ஒரு கம்பெனி கட்டினார்கள், அதற்குத் தண்ணிக்குப் போர் போட வண்டி வந்தது. இவர் வேடிக்கை பார்க்கப் போனார். குழாய் தூக்கக் கை கொடுத்தார். அப்படியே அந்த வண்டியோடு வடக்கே போய்விட்டார். முதலில் கடுதாசி வந்தது, அப்புறம் நின்றது. அங்கே எவளையோ சேர்த்துக்கொண்டார் என்று சிலபேர் சொன்னார்கள். ஆளே இல்லை என்று சிலபேர். நான் நெற்றிப் பொட்டை அழிக்கவில்லை. யாருக்கும் வேறு பதில் சொல்லவில்லை.

அந்த வருசம் தாம்பரத்திலிருந்து பஸ் மாறி ஒரு சின்ன டீச்சர் வந்தார். பிள்ளைகள் வரைகிற படத்தை ஊர்க்காரர்கள் வந்து பார்க்கவேண்டும் என்று அவருக்கு ஆசை. "பாக்கறதுக்கு ஆள் இருந்தாதான் ஆயாம்மா, அது படம்" என்பார். எனக்கு அது விளங்கவில்லை. கேட்கவும் இல்லை.

வரையச் சொல்லிக்கொடுத்ததை விட மாட்டச் சொல்லிக்கொடுத்ததுதான் அதிகம். ஜன்னல் கம்பிக்குக் கம்பி சணல் கட்டினார்கள். குண்டூசிக்குப் பதில் வேலிகாத்தான் முள். பிள்ளைகள் எல்லாப் படத்தையும் தங்கள் மூக்கு உயரத்துக்குக் குத்திவிட்டார்கள்.

"உங்கம்மா குனிஞ்சி பாப்பாங்களா?"

"எங்கம்மா நாள் பூரா நாத்து நடறாங்க டீச்சர். குனிவாங்க" என்றான் ஒருத்தன். டீச்சரே சிரித்துவிட்டார்.

சணலை ஏற்றிக் கட்டினார்கள். படத்துக்குப் படம் ஒரு ஜாண் விடணும். தள்ளிப் போய் நின்று கோணலா என்று பார்க்கணும். ஆள் வந்தால் படத்தை மறைக்காமல் பக்கத்தில் நிற்கணும், கையைப் பின்னால் கட்டணும், வணக்கம் சொல்லணும், என்ன படம் என்று சொல்லணும். பாதியில் நிறுத்தக்கூடாது. யார் சிரித்தாலும் சரி, முழுசாகச் சொல்லி முடிக்கணும். தினம் சாப்பாட்டு மணிக்கு அப்புறம் இதே பாடம். நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டே கேட்பேன்.

என் பொண்ணு அவங்கப்பாவை வரைந்தாள். வூட்டில் அவர் போட்டோ ஒன்றும் கிடையாது. என்னைத்தான் கேட்டாள்.

"எம்மா, அப்பாவுக்கு மீசை இருக்குமா?"

"இருக்கும்."

"பெருசா, சின்னதா?"

போகும்போது மெலிசாக இருந்தது. இப்போது எப்படி வைத்திருக்கிறாரோ. "உனக்குப் புடிச்ச மாதிரி போடு" என்றேன்.

ஊர்க்காரர்கள் வருகிற நாளுக்கு முந்தின நாள், "படத்தைச் சுத்தி அழகு பண்ணி வைங்க, வீட்டுல என்ன இருக்கோ அதை வச்சு" என்று டீச்சர் சொல்லி அனுப்பினார். மறுநாள் நான் விடியலிலேயே அடுப்பங்கரைக்குப் போய்விட்டேன். வருகிறவர்களுக்கு டீ போடணும், சுண்டல் தாளிக்கணும். பொண்ணு என்ன வைத்தாள் என்று நான் பார்க்கவில்லை.

என் நாத்தனார் மணிமங்கலத்திலிருந்து வந்திருந்தார். வூட்டுக்காரருக்கு அக்கா. தம்பியைத் தூக்கி வளர்த்தவர். தம்பி பொண்ணு வரைந்த படம் பார்க்க ஆசையாக, புதுப் புடவை கட்டிக்கொண்டு வந்தார்.

நான் டீச் சட்டியை இறக்கிக்கொண்டிருந்தேன். வகுப்பிலிருந்து ஒரு சத்தம். என் நாத்தனார் குரல்.

"ஐயோ, என் தம்பி! என் ராசா! எப்படி சேதி வந்துது, எனுக்கு ஒரு வார்த்தை சொல்லலியே!"

கூட இருந்த பொம்பளைகளும் சேர்ந்து அழுதார்கள். சேதி வந்துவிட்டது, எனக்குத்தான் கடைசியாகத் தெரிகிறது என்று நினைத்தேன். சட்டியை எங்கே வைத்தேன் என்று தெரியாது. அங்கிருந்து வகுப்புக்குப் பத்தடிகூட இருக்காது. அன்றைக்கு அது தீரவே இல்லை.

உள்ளே போனேன். சணலில் என் வூட்டுக்காரர் படம். முறுக்கின மீசை. மேலே இருந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தொங்கத் தொங்கக் கனகாம்பரச் சரம்.

மத்த பிள்ளைகள் வேப்பிலையும் கலர் காகிதமும் வைத்திருந்தார்கள். மரமும் பஸ்ஸும் வரைந்தவர்களுக்கு எதை வைத்தாலும் பொருந்தும். இவள் மனுசனை வரைந்து பூப் போட்டுவிட்டாள். எங்கள் பக்கம் மாட்டின படத்துக்குப் பூப் போட்டால் ஒரே அர்த்தம்தான். பிள்ளைக்கு அது தோன்றவில்லை.

அவள் பக்கத்தில் நின்றிருந்தாள், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. அத்தை மாரில் அடித்துக்கொண்டு அழ அழ, அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். "வணக்கம். இது நான் வரஞ்ச படம். இது எங்கப்பா. எங்கப்பா போர் வண்டியில வேலை செய்றாரு. சீக்கிரம் வந்துடுவாரு." கண்ணில் தண்ணி வழிந்தது. நிறுத்தவில்லை. மறுபடியும் முதலிலிருந்து சொன்னாள்.

நான் போய்ச் சரத்தை எடுத்தேன். எல்லோரும் பார்த்தார்கள். கீழே போட மனசு வரவில்லை. என் தலையில் வைத்துக்கொண்டேன்.

"சேதி ஒண்ணும் வரல அண்ணி. புள்ளை தெரியாம வெச்சிட்சி."

நாத்தனாருக்கு அழுகை உடனே நிற்கவில்லை. முந்தானையில் மூக்கைத் துடைத்தார். படத்தையே பார்த்தார்.

"வாய்ல நல்லது வராதாடி உங்களுக்கு? நான் அழுதா நீங்களும் இன்னான்னு கேக்காம அழுவீங்களா?" என்று மத்த பொம்பளைகளைத் திட்டினார். அப்புறம் என் பொண்ணைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். "இன்னாடி இது, என் தம்பிக்கு இம்மாம் பெரிய மீசை? போலீஸ்காரன் கணக்கா கீறான்."

அழுதவர்கள் எல்லாம் சிரித்தார்கள். டீச்சர் பக்கத்து வகுப்பிலிருந்து ஓடிவந்து என்ன ஏது என்று தெரியாமல் நின்றார். யாரும் சொல்லவில்லை. அவருக்குச் சுண்டல் கொடுத்தேன்.

சாயங்காலம் படங்களைக் கழற்றினார்கள். பொண்ணு சுருட்டி எடுத்து வந்தாள். வூட்டில் சாமி படங்கள் இருக்கிற சுவரில் மாட்டலாமா என்றாள். அங்கே பூப் போட்ட மாமனார் படமும் இருந்தது. வேண்டாம் என்றேன். அடுப்புக்கு எதிர்ச் சுவரில் ஒட்டினோம். சோறு ஆக்கும்போது எதிரில் இருப்பார்.

அவர் வரவில்லை. கடுதாசியும் வரவில்லை. பிற்பாடு அந்தப் பக்கமெல்லாம் கம்பெனி வந்தது. பொண்ணும் ஒரு கம்பெனியில் லைன் வேலைக்குப் போனாள், ஷிப்ட் மாறி மாறி. கல்யாணம் வந்தது. பத்திரிகையில் அப்பா பேருக்கு முன்னால் என்ன போடுவது என்று மாப்பிள்ளை வூட்டார் கேட்டார்கள். ஒண்ணும் போடவேண்டாம், வெறும் பேரைப் போடுங்க என்றேன்.

கல்யாணத்தன்று காலையில் ஒரு பெரியவர், அப்பா படத்துக்கு ஒரு முழம் பூப் போட்டு பொண்ணைக் கும்பிடச் சொல்லும்மா, நல்லது என்றார். நாத்தனார் என்னைப் பார்த்தார். அவருக்கும் தலை நரைத்துவிட்டது.

"படத்தைக் கும்பிட்டுக்கோ. பூ வேணாம்" என்றேன்.

பொண்ணு வெறும் படத்தைக் கும்பிட்டாள்.