மகளுக்கு நான் எடுத்த பாட்டு

மாலை ஐந்து நாற்பதுக்கு என் மகள் கிட்டாரிலிருந்து கையை எடுத்தாள். ஆம்பூரில் நாங்கள் கட்டிய வீட்டுக்கு அன்று புதுமனை புகுவிழா. காலையில் பூஜை முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பிவிட்டார்கள். மாலையில் என்னோடு ஷூ கம்பெனியில் வேலை செய்கிறவர்கள் இருபது பேர் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அவளுக்குப் பதிமூன்று வயது. கிட்டார் கற்கத் தொடங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

சொல்லிக்கொடுத்த பெண் எங்கள் கம்பெனியில் தையல் பிரிவில் இருக்கிறவள். சர்ச்சில் வாசிப்பாள். விழாவுக்கென்று அவள் கொடுத்தது மழையைக் கூப்பிடும் ஒரு குழந்தைப் பாட்டு. விரல்களை இரண்டே விதமாகப் பிடித்து, மாற்றி மாற்றி வாசித்தால் போதும். மகள் அதை வீடு முழுக்கப் பாடிக்கொண்டு திரிந்தாள்.

எனக்குத்தான் கூச்சம். மேனேஜர் வருகிற வீட்டில் எல்.கே.ஜி. பாட்டா? அவருக்குப் பிடித்த பழைய சினிமாப் பாட்டு ஒன்றைச் செல்போனில் தேடி எடுத்தேன். "இத கத்துக்கோ. சொல்லிக்குடுக்கற அக்காகிட்ட சொல்லாத, சர்ப்ரைஸா இருக்கட்டும்" என்றேன். அதில் ஒரு பிடிக்கு, ஆள்காட்டி விரல் ஒன்றே ஆறு கம்பிகளையும் சேர்த்து அழுத்த வேண்டும்.

"வரலப்பா. கொர்ர்னுது."

"அழுத்திப் புடி."

"வலிக்குதுப்பா."

"ஆரம்பத்துல எல்லாருக்கும் வலிக்கும்."

மூன்று வாரம் இப்படியே போனது. அந்த மூன்று வாரமும் எனக்குச் சரியான தூக்கமில்லை. அவள் விரலை நினைத்தல்ல, மேனேஜர் என்ன நினைப்பாரோ என்று.

விழா அன்று முதல் வரி சரியாக வந்தது. இரண்டாவது வரியில் அந்தப் பிடி சரியாக விழவில்லை. முதலிலிருந்து தொடங்கினாள். மறுபடி அதே இடம். மூன்றாம் முறையும் நின்றபோது மேனேஜர், "இன்னாப்பா, கரண்ட் கட்டா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதோடு விட்டேனா? "சொல்லிக் குடுக்கற பொண்ணு சரியில்ல சார். வேற ஆளு பாக்கணும்" என்றேன்.

மகள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அப்போதுதான் கையை எடுத்தாள். கிட்டாரைச் சுவரில் சாய்த்துவிட்டு, அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள்.

வந்தவர்கள் சாப்பிட்டுப் போனபின் கதவைத் தட்டினேன். "கிட்டார யாருக்காவது குடுத்துடுங்கப்பா. நான் இனிமே தொடமாட்டேன்." குரலில் அழுகைகூட இல்லை.

ஏழரை மணிக்குக் கிட்டார் சொல்லிக்கொடுக்கிற பெண் வந்தாள், ஓவர்டைம் முடித்து, கம்பெனி சீருடையோடு. அவள் குரல் கேட்டதும் மகளின் அறைக் கதவு திறந்தது.

"மழைப் பாட்டு எப்பிடிப் போச்சு, பாப்பா?"

மகள் இடது கையை நீட்டினாள். விரல் நுனிகளில் கொப்புளம். ஒன்று உடைந்திருந்தது. பதனிட்ட தோலில் ஊசிமுனைக் கீறலைக்கூடத் தடவிக் கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவன் நான். அந்த விரல்களை அன்றுதான் பார்த்தேன்.

"அந்தப் பாட்டுக்கு இவ்ளோ ஆவாதே?"

"நான்தான்க்கா வேற பாட்டு மாத்திட்டேன்" என்றாள் மகள்.

"இல்லம்மா, நான்தான் மாத்தச் சொன்னேன்" என்றேன். இருபது பேர் முன்னால் அந்தப் பெண்ணைக் குறை சொன்னதை அவளிடம் இன்றுவரை சொல்லவில்லை.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. மகளின் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"ஒரு வாரம் கிட்டார தொட வேணாம் சார். அப்புறமா, இன்னா பாட்டுன்னு அவளே வந்து சொல்லட்டும். நீங்க வண்டில கொண்ணாந்து வுட்டா போதும்."