பெயின்ட் காயாத ஜன்னல்கள்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். எனக்கிருக்கிற கவலைகளுக்கு உயிரோடு இருக்கிறவர்களே போதும். எட்டாம் வகுப்போடு நின்றவன் கதை கட்டுகிறான் என்று நீங்கள் நினைத்தாலும் சரி, நடந்ததைச் சொல்கிறேன்.

இலங்கை மலைநாட்டில், ஹட்டனுக்கு மேலே, மூடிப் பல வருடமான ஒரு தேயிலை பெக்டரியை ஹோட்டலாக மாற்றினார்கள். மேல்மாடியில், அந்தக் காலத்தில் கொழுந்தைப் பரப்பி வாடவைத்த நீள அறைதான் சாப்பாட்டு மண்டபமாகப் போகிறது. பள்ளத்துப் பக்கம் வரிசையாக மர ஜன்னல்கள். அவற்றுக்கு பெயின்ட் அடிப்பது என் பொறுப்பு. ஒழுங்காக முடித்தால் ஹோட்டலிலேயே நிரந்தர வேலை என்று, வேலையைக் குத்தகைக்கு எடுத்திருந்த செல்வம் பாஸ் சொல்லியிருந்தார். என் மனைவி ராணி முழங்கால் வலியோடு மலையேறிக் கொழுந்து பறிக்கிறாள். இது கிடைத்தால் அவளை நிறுத்திவிடலாம். கிடைக்காமல் போனால் என்ற நினைப்பிலேயே எனக்குத் தூக்கம் வராது.

பெயின்ட் காயும்வரை ஜன்னல் திறந்தே இருக்க வேண்டும். ஈரத்தோடு சாத்தினால் சட்டத்தில் ஒட்டிக்கொள்ளும், இழுத்தால் பெயின்ட் உரிந்து வரும். நானும் திறந்து வைத்துவிட்டுத்தான் பகலில் சாப்பிட இறங்குவேன். திரும்பி வந்தால் எல்லாம் சாத்தி, உள்ளே கொக்கி மாட்டியிருக்கும். ஈரப் பெயின்டில் ஒரு விரல் தடம்கூட இருக்காது. சுரண்டி மறுபடி அடிப்பேன், மறுநாளும் அதே கதை. கம்பி போட்டுக் கட்டினேன். நம்பினால் நம்புங்கள், அந்தக் கம்பியைப் பிரித்து அழகாகச் சுருட்டி வைத்திருந்தது.

“என்னடா, பெயின்ட் அடிக்கிறியா, தோல் உரிக்கிறியா?” என்றார் பாஸ், எல்லோர் முன்னாலும்.

“நான் சாத்தலைங்க பாஸ்.”

“அப்ப பழைய வெள்ளக்காரத் தொரை வந்து சாத்துனாரா? இன்னொரு தடவ பாத்தேன், நீ வீட்டுக்குப் போயிரலாம்.”

வீட்டில் புலம்பினேன். ராணி கேட்டாள், “பனி மூட்டம் வர்ற நேரத்துலயா?”

யோசித்தால், ஆமாம்.

“எங்கப்பா அந்த மாதிரி மாடியிலதானே வேல செஞ்சாரு. மூட்டம் வந்தா ஓடிப்போயி சாத்திருவாங்க. ஈரம் பட்டா கொழுந்து வாடாதுங்க.”

“அங்க ஏது புள்ள கொழுந்து?” என்று கத்தினேன்.

மறுநாள் சாப்பிடப் போகாமல் அங்கேயே நின்றேன். பள்ளத்திலிருந்து மூட்டம் ஏறியது. காற்றே இல்லை. தூரத்து மூலையில் முதல் ஜன்னல் சாத்திக்கொண்டது, கொக்கி விழுந்தது. பிறகு அடுத்தது, அதற்கடுத்தது. அவசரமில்லாமல், ஆள் நடக்கிற வேகத்தில் என்னை நோக்கி வந்தது. எனக்குப் பயத்தைவிட ஆத்திரம்தான் வந்தது. “என் வேல போகப் போகுது, விடுங்க!” என்று கடைசி ஜன்னலைப் பிடித்துக்கொண்டேன்.

அது இழுக்கவில்லை. நான் கையை எடுக்கட்டும் என்று காத்திருப்பது போல நின்றது.

பாஸ் படியேறும் சத்தம் கேட்டது. இன்னும் கொஞ்ச நேரம் பிடித்திருந்தால் அவரே கண்ணால் பார்த்திருப்பார். ராணி சொன்னது ஞாபகம் வந்தது, நான் கையை எடுத்துவிட்டேன். ஜன்னல் மெதுவாகச் சாத்திக்கொண்டது.

“யாருகிட்டடா பேசுற?” என்றபடி பாஸ் உள்ளே வந்தார்.

வேலை போனது. ராணி இன்றும் மலையேறுகிறாள். அன்று ஜன்னலிலிருந்து கையை எடுத்தபோது, “சாத்துங்கய்யா” என்று சொன்னது என் வாய்தான். யாரிடம் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.