ஏலத்தில் எடுத்த வேட்டை

அரக்கோணத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த நன்கொடை ஏலத்தில் என் கணவர் கை தூக்கியபோது நான் பக்கத்து நாற்காலியில் காபி ஆற்றிக்கொண்டிருந்தேன். அவர் எதற்குக் கை தூக்கினார் என்பதே எனக்கு முதலில் தெரியவில்லை. மேடையில் நின்ற டாக்டர் "தென்னாப்பிரிக்கா போய் வேட்டையாட இன்னொருத்தரும் ரெடி!" என்று மைக்கில் சொன்ன பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். பாவாவின் கை இன்னும் மேலேதான் இருந்தது.

அவரை நான் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே பாவா என்றுதான் கூப்பிடுவேன். மாமன் மகன். திருவாலங்காட்டில் அவருக்குக் கரும்பு வயல். நான் திருத்தணியில் பெண்கள் பள்ளியில் இங்கிலீஷ் டீச்சர். அதனால் வீடு திருத்தணியில். அவர் தினமும் பைக்கில் வயலுக்குப் போய் வருவார். இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருஷங்கள் ஆகியிருந்த சமயம் அது. எங்கள் பக்கத்தில் விபத்து, பிரசவம் என்றால் மெட்ராஸுக்கு வாடகைக் கார் தேடி ஓட வேண்டும். ஆம்புலன்ஸ் ஒன்று வாங்கி விடுவதென்று டாக்டரும் அவருடைய சங்கத்தாரும் முடிவு செய்து, அந்த ஏலத்தை வைத்திருந்தார்கள். கிரிக்கெட் மட்டை, தஞ்சாவூர் ஓவியம், ஃபிரிட்ஜ் என்று ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தது. அப்புறம் இந்த வேட்டை வந்தது. இரண்டு பேருக்கு ஒரு வாரம்.

அதைக் கொடுத்தவர் தென்னாப்பிரிக்கத் தமிழர். அவருடைய முப்பாட்டனார் நேட்டாலில் கரும்பு வெட்டக் கப்பல் ஏறிப் போனவராம். ஆற்காட்டுப் பக்கம் என்பதைத் தவிர எந்த ஊர் என்பது வீட்டில் யாருக்கும் தெரியாது. அதற்கு முந்தின ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி வந்து மொட்டை போட்டுக்கொண்டு, டாக்டர் வீட்டில் தங்கியிருந்தார். ஊருக்குத் திரும்புகிறபோது, "என் பண்ணையில் வேட்டைக்கு ஆட்கள் வருவார்கள். ஒரு வாரத்தை உங்கள் ஏலத்துக்குத் தருகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

மண்டபத்தில் அதைக் கேட்டு எல்லோரும் சிரித்தார்கள். யாரும் ஏலம் கேட்கவில்லை. நகைக்கடைக்காரர் ஒருவர் விளையாட்டுக்கு ஒரு தொகை சொல்ல, பாவா அதற்கு மேலே சொல்ல, அவர் இன்னொரு தடவை சொல்லிப் பார்த்துவிட்டுக் கும்பிடு போட்டார். கைதட்டினார்கள். மானின் படம் போட்ட ஒரு அட்டையை டாக்டர் கொண்டுவந்து பாவாவின் கையில் கொடுத்தார். அட்டையின் பின்னால் ஒரு வெளிநாட்டு போன் நம்பர் மட்டும் இருந்தது.

திருத்தணிக்கு ரயிலில் வரும்போது கேட்டேன்.

"இன்னா பாவா இது? துப்பாக்கிய கையால தொட்டதுண்டா நீங்க?"

"தொட்டதில்ல. அதுக்குத்தான் போறேன்னு வச்சிக்க."

"விளையாடாதீங்க."

"விளையாட்டு இல்லம்மா. எத்தினி வருசமா வயல்ல வெடி போட்டுகினு கெடக்கறேன்? நான் வெடி போட்டா அந்தப் பக்கம் போவுது, அங்க போனா இந்தப் பக்கம் வருது. ஒரு பன்னியாவது என் கண்ணு முன்னால உழுந்து பாத்திருக்கனா? இங்க சுட்டா கேசு. அங்க சுட்டா சோறு போடறான்."

காட்டுப்பன்றிதான் அவருக்கு எதிரி. எங்கள் வீட்டில் அதைப் பற்றிப் பேசாமல் யாரும் சாப்பிட்டு முடித்ததில்லை. குன்றுப் பக்கத்திலிருந்து கூட்டமாக இறங்கி, தின்பது கொஞ்சம், ஒடித்துப் போடுவது நிறைய என்று கரும்பைத் துவம்சம் செய்துவிட்டுப் போகும். அவர் கோபம் எனக்குப் புரிந்தது. ஆனால் அட்டையில் இருந்தது மான்.

அன்றைக்கு நான் மனசுக்குள் ஒன்றை உறுதி செய்துகொண்டேன். ஏலத்தில் கொடுத்தது ஆம்புலன்ஸுக்குக் கொடுத்தது. அதை நினைத்து வருத்தப்படக் கூடாது. வேட்டைக்குப் போவதா இல்லையா என்பது வேறு கேள்வி. அதற்கு வேறாகத்தான் பதில் தேட வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள்தான் 'வாங்கிட்டோமே, போகாம இருந்தா வீணாயிடுமே' என்று போய் மேலும் மாட்டிக்கொள்கிறார்கள். இன்றைக்கும் என் கருத்து இதுதான்.

மறுநாள் பள்ளி முடிந்ததும் பாவாவைக் கூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கத்து எஸ்டிடி பூத்துக்குப் போனேன். கண்ணாடிக் கூண்டுக்குள் இருவரும் நெருக்கிக்கொண்டு நின்றோம். அந்தப் பண்ணைக்காரரே எடுத்தார். தமிழில் 'வணக்கம்', 'அம்மா', 'முருகா' இவ்வளவுதான் அவருக்கு வரும். மற்றதெல்லாம் இங்கிலீஷ். நான் ஒவ்வொன்றாகக் கேட்டேன். தங்குமிடம், சாப்பாடு, கூட வருகிற ஆள் எல்லாம் ஏலத்தில் சேர்த்தி. விமானச் செலவு எங்களுடையது. சுடுகிற ஒவ்வொரு மிருகத்துக்கும் தனி விலை. காயம் பட்டு ஓடிப்போய்விட்டாலும் அந்த விலை உண்டு. கொம்புத் தலையைப் பாடம் பண்ணி ஊருக்கு அனுப்ப வேண்டுமானால் அது இன்னொரு பெரிய செலவு.

"எதுவுமே சுடவில்லை என்றால்?" என்று கேட்டேன்.

"அப்போதும் சாப்பாடு உண்டு" என்றார். பிறகு சிரித்துக்கொண்டே, "இதுவரை நான் கொடுத்த வாரங்களை ஏலங்களில் எடுத்தவர்களில் புறப்படுவதற்கு முன்னால் இதையெல்லாம் கேட்டவர் நீங்கள்தான். மற்றவர்கள் இங்கே வந்த பிறகுதான் கேட்பார்கள். சரி, உங்கள் கணவருக்கு எதைச் சுட ஆசை?" என்றார்.

நான் பாவாவைப் பார்த்தேன். அவர் என் கையிலிருந்த ரிசீவரில் வாயை வைத்து, "பன்னி!" என்று கத்தினார். பூத்துக்காரர் எட்டிப் பார்த்தார். நான் மொழிபெயர்த்தேன். அவர் சிரிப்பை விட்டுவிட்டுக் கேட்டார்:

"நீங்கள் கரும்பு போடுகிறவர்களா?"

"ஆமாம்."

"நானும்தான். மேட்டில் காடு, பள்ளத்தில் கரும்பு. மானுக்குத்தான் விலை. பன்றிக்கு நான் விலை வாங்க மாட்டேன். வந்து எத்தனை வேண்டுமானாலும் சுடச் சொல்லுங்கள்."

அந்த ஒரு பேச்சில்தான் நாங்கள் போவது முடிவானது. கரும்புப் பணம் வந்திருந்த நேரம். எனக்கும் கடல் தாண்டிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை இல்லாமல் இல்லை. ஸ்டாஃப் ரூமில் விஷயம் பரவியபோது, கணக்கு டீச்சர், "வேடன் வேஷம் போட்டா வள்ளி கெடைப்பான்னு போறாரா உங்க வீட்டுக்காரரு?" என்று கேட்டார். "அதுக்குத்தான் நானும் கூடப் போறேன்" என்றேன்.

கோடை விடுமுறையில் போனோம். இங்கே வெயில் மண்டையைப் பிளக்கும் மாதம். அங்கே குளிர் தொடங்கியிருந்தது. பாவா மங்கி கேப்பைக் கழற்றவே இல்லை. பண்ணை வீட்டுக் கொல்லையில் கறிவேப்பிலை மரம் ஒன்று இருந்தது. பண்ணைக்காரரின் மனைவிக்கும் தமிழ் தெரியாது. ஆனால் ரசத்தை ரசம் என்றே சொன்னார். புளியும் சரியாக இருந்தது. சாப்பாட்டு அறைச் சுவரில் ஒரு பக்கம் கொம்பு கொம்பாக மான் தலைகள். எதிர்ச் சுவரில் மயிலோடு முருகன் படம். பாவா இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, முருகன் பக்கம் முகம் இருக்கிற மாதிரி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

முதல் நாள் காகித அட்டையை நட்டுச் சுடப் பழக்கினார்கள். பாவாவுக்குத் தோள் வீங்கியதுதான் மிச்சம். என்னையும் சுடச் சொன்னார்கள். நான் சுட்டவை நடு வட்டத்தைச் சுற்றியே விழுந்தன.

"பேசாம நீயே சுடு. நான் பாத்துகினு நிக்கறேன்" என்றார் பாவா.

"பேப்பர்னா சுடறேன். ரத்தம் வர்றதெல்லாம் உங்க வேலை."

அங்கேயும் கரும்பு வெட்டுகிற பருவம். நாலு பக்கமும் வெட்டிக்கொண்டே வந்தால், உள்ளே இருக்கிற பன்றிகள் கடைசியில் மிஞ்சுகிற கரும்புக்குள் ஒடுங்கும். அதையும் வெட்டப் போகும்போது வெளியே பாயும். எங்கள் ஊரிலும் அப்படித்தான். அதனால் எங்கே நிற்க வேண்டும் என்று பாவாவுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பண்ணைக்காரரும் நானும் அவருக்குப் பின்னால் நின்றோம். எதிர்ப் பக்கம் நாய்கள் குரைத்தன. கரும்புத் தோகை சலசலத்தது. ஒரு பன்றி வெளியே வந்தது. நம் ஊர்ப் பன்றியைவிடச் சிவப்பு. காது நுனியில் குஞ்சம் மாதிரி முடி. பாவா துப்பாக்கியைத் தூக்கினார். அதன் பின்னால் குட்டிகள் ஓடிவந்தன. அவர் துப்பாக்கியைத் தாழ்த்திவிட்டார். எல்லாம் எங்களைத் தாண்டிப் புதருக்குள் போய் மறைந்தன.

"ஏன் சுடவில்லை என்று கேளுங்கள்" என்றார் பண்ணைக்காரர்.

கேட்டேன். "குட்டிங்கள வச்சிகினு ஓடுது" என்றார் பாவா. பிறகு கொஞ்சம் கழித்து, "நம்ம ஊர்ல இருட்டுல வெடி போடறோம். இதெல்லாம் எங்க தெரியுது?" என்றார்.

அதற்கு அடுத்த நாள் காலையில் ஒரு ஆண் பன்றி தனியாக வந்தது. பெரியது. பக்கவாட்டில் ஓடியது. வெடிச் சத்தம் கேட்டு நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அது விழுந்து கிடந்தது. ஒரே குண்டு. துடிக்கக்கூட இல்லை. வெட்டுக்காரர்கள் கத்திகளைத் தூக்கிக்காட்டி ஆரவாரம் செய்தார்கள். பண்ணைக்காரர் பாவாவின் முதுகில் தட்டினார். இத்தனை வருஷக் கோபம் தீர்ந்தது என்று பாவா துள்ளிக் குதிப்பார் என எதிர்பார்த்தேன். அவர் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு நடந்து போய், அந்தப் பன்றியின் பக்கத்தில் குந்தினார். அதன் வாயோரத்தில் கரும்புச் சக்கை ஒட்டியிருந்தது.

"இன்னா பாவா?"

"ஒண்ணுமில்ல. இது நம்ம கரும்பத் துன்ன பன்னி இல்லியே."

அதை நான் பண்ணைக்காரருக்குச் சொன்னேன். அவர் யோசிக்காமல், "அதனாலென்ன, என் கரும்பைத் தின்ற பன்றிதான்" என்றார். அதைத் தமிழில் சொன்னதும் பாவா சிரித்துவிட்டார். ஆனால் முகம் முழுக்கத் தெளியவில்லை. கறி வெட்டுக்காரர்களுக்குப் போயிற்று. கொஞ்சம் எங்கள் இலைக்கும் வந்தது. மிளகு போட்டு வறுத்திருந்தார்கள். நன்றாகவே இருந்தது, இரண்டு பேரும் சாப்பிட்டோம். ஆனால் அதற்குப் பிறகு அந்த வாரம் முழுவதும் அவர் துப்பாக்கியைத் தொடவில்லை. "இன்னும் நாள் இருக்கிறதே" என்று பண்ணைக்காரர் இரண்டு தடவை கேட்டார். "போதும்னு சொல்லும்மா. எப்டி இருக்கும்னு பாக்கத்தான் வந்தேன். பாத்தாச்சி" என்றார்.

மீதி நாட்களில் அவர் செய்தது வேறு. மேட்டை ஒட்டிய கரும்பைச் சுற்றி, தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்குள் இரண்டு கம்பி ஓடுவதைப் பார்த்திருக்கிறார். வெயிலில் கரண்ட் எடுக்கிற தகடு ஒன்று, ஒரு பேட்டரி, ஒரு சின்னப் பெட்டி. தொட்டால் உதறும், உயிர் போகாது. கம்பிக்குள்ளே இருந்த கரும்பில் பன்றி நுழைந்த தடமே இல்லை. பள்ளத்திலிருந்த கரும்புக்கு இன்னும் கம்பி போடவில்லை. நாங்கள் நின்ற இடம் அது. பாவா கேள்வி மேல் கேள்வி கேட்டார். கம்பி என்ன கனம், கட்டைக்குக் கட்டை எவ்வளவு தூரம், மழையில் என்ன ஆகும். மொழிபெயர்த்து மொழிபெயர்த்து எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. கடைசியில் அவரே மங்கி கேப்போடு குனிந்து ஒரு விரலால் கம்பியைத் தொட்டு, "ஐயோ நைனா!" என்று பின்னால் விழுந்தார். பண்ணைக்காரர் சிரித்த சிரிப்பில் அவர் தொப்பியும் விழுந்தது.

திரும்பி வந்த பிறகு ஊரில் எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: கொடுத்த காசுக்கு வேட்டை தகுமா? நான் தயங்காமல் பதில் சொல்லுவேன். மான் தலையும் போட்டோவும் வேண்டுமென்று ஏலத்தில் கை தூக்கினால் தகாது. நேராகப் போய் வாங்கினாலே அது கிடைக்கும். ஏலத்தில் எடுத்ததால் கறாராகக் கேட்கக் கூச்சம் வேறு சேர்ந்துகொள்ளும். கொடுக்க வேண்டும் என்று தோன்றினால் கை தூக்குங்கள். பிறகு அட்டையில் எழுதாததையெல்லாம் போன் போட்டுக் கேளுங்கள். பதில் பிடிக்கவில்லையென்றால் வீட்டிலேயே இருங்கள். கொடுத்தது கொடுத்ததாகவே இருக்கும். எங்களுக்கு அது கொடுத்த காசுக்குத் தகுந்ததாகவே இருந்தது. தன் மனசில் என்ன இருக்கிறது என்பதை பாவா அங்கே போய்த் தெரிந்துகொண்டார். இங்கேயே இருந்திருந்தால், சுட விட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்திருப்பார்.

கம்பி வேலி போட மெட்ராஸில் சாமான் தேடி அலைந்தார். போட்டு முடித்ததும் எங்கள் வயலில் பன்றி நின்றுவிட்டது. பக்கத்து வயலுக்குப் போயிற்று. அந்த வயல்காரர் ஒருநாள் காலையில் திருத்தணிக்கே வந்து வாசலில் நின்றார்.

"உன் பன்னியெல்லாம் என் வயல்ல வந்து மேஞ்சிகினு இருக்குதுப்பா! நீ மட்டும் ஃபாரின் வேலி போட்டுகினா நாங்க இன்னா பண்றது?"

"என் பன்னியா? உள்ள வாங்க. காபி சாப்டுகினே பேசலாம்" என்றார் பாவா.

பேசினார்கள். அந்த வருஷம் கரும்பு வெட்டியதும் இரண்டு வயலையும் சேர்த்து ஒரே வேலியாகப் போட்டார்கள். அதன் பிறகு வந்த தகராறு புல்லுக்கு. புல் வளர்ந்து கம்பியில் பட்டால் கரண்ட் மண்ணில் இறங்கிவிடும். யார் அறுப்பது என்று வாரத்துக்கு ஒரு சண்டை. கடைசியில் பக்கத்து வயல்காரரே ஒரு வழி கண்டுபிடித்தார். பகலில் கரண்டை நிறுத்திவிட்டுத் தன் ஆடுகளை வேலியோரமாக ஓட்டிவிட்டார். ஆடுகளுக்கு அது பிடித்துப்போயிற்று. பொழுது சாய்ந்து பெட்டியில் சிவப்பு விளக்கு எரிவதற்குள் அவை தாங்களாகவே விலகி வீட்டுப் பக்கம் நடக்கப் பழகிக்கொண்டன.