லெமனேட் கேக்கும் மச்சாளின் பயமும்

வெளிநாட்டில், டூங்கபி என்ற ஊரில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் குசினியை நினைத்தால், கேக் சுடும் காஸ் போறணை பற்றிக்கொண்ட சத்தம்தான் முதலில் காதில் விழுகிறது. பெரிய சத்தமல்ல. கனமான துணியை யாரோ ஓங்கி உதறியது போல ஒரு சத்தம்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. என் கணவரின் அக்கா, எனக்கு மச்சாள், ஊரிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்தார். நெருப்பென்றால் அவருக்கு உயிர் போகும். அவருடைய கடைசித் தங்கை மண்ணெண்ணெய்க் குக்கர் அடுப்பு வெடித்து இறந்தபோது மச்சாள் வாசற்படியில் நின்றிருந்தார். “ஓடிப் போகவேணும் எண்டு நினைச்சனான், கால் அசையேல்ல” என்று ஒரேயொரு தடவை என்னிடம் சொன்னார். நான் தீப்பெட்டியைக் கையில் எடுத்தாலே எழுந்து முன்னறைக்குப் போய்விடுவார்.

மகளின் முதலாவது பிறந்தநாள் வந்தது. மச்சாள் முட்டை சாப்பிடமாட்டார். அவரும் சாப்பிடக்கூடிய கேக் ஒன்று செய்ய ஆசைப்பட்டேன். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரப் பெண்மணி வேலிக்கு மேலால் வழி சொல்லித் தந்தார்: முட்டையே வேண்டாம், தானாகப் பொங்கும் மாவுக்குள் லெமனேட் சோடாவை ஊற்றினால் போதும்.

“சோடாவை ஊத்திக் கேக்கோ? விசர்க் கதை!” என்று மச்சாள் சிரித்தார். ஆனால் நான் ஊற்றியதும் மா சீறி நுரைத்தெழ, குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அப்படிச் சந்தோஷமாக அந்தக் குசினியில் நின்று நான் கண்டதில்லை. பிறகு நான் தீப்பெட்டியை எடுத்தேன்.

“நீர் பத்த வையும். நான் பிள்ளையைப் பாக்கிறன்.” அவர் போய்விட்டார்.

காஸைத் திறந்து குச்சியை உரசினேன். யன்னல் காற்றில் அணைந்தது. அடுத்த குச்சி முறிந்தது. இதற்கிடையில் போறணைக்குள் காஸ் நிறைந்துகொண்டிருந்தது எனக்கு உறைக்கவில்லை. மூன்றாவது குச்சியைக் கொண்டுபோனதும் நீலமாக ஒரு சுவாலை வெளியே பாய்ந்தது. நான் பின்னால் விழுந்தேன். எழும்பியபோது என் நைலெக்ஸ் சேலைத் தலைப்பு எரிந்துகொண்டிருந்தது.

சத்தம் கேட்டு வந்து மச்சாள் வாசலில் நின்றார். அவருடைய முகத்தை நான் மறக்கமாட்டேன். அவர் பார்த்தது என்னை அல்ல. எத்தனையோ வருடங்களுக்கு முன் எரிந்த ஒருத்தியைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். இந்த முறையும் அவரால் அசைய முடியாது என்று நினைத்தேன்.

அவர் வந்தார். எரியும் தலைப்பை வெறுங்கையால் பற்றி இழுத்தார். குத்தியிருந்த ஊசியோடு சேர்ந்து என் ரவிக்கையும் கிழிந்தது. சேலையை உருவி நிலத்தில் போட்டு, மேசையிலிருந்த லெமனேட் போத்தலை அதன் மேல் கவிழ்த்தார். பிறகு, இன்னும் எரிந்துகொண்டிருந்த போறணைக்குப் பக்கத்தில் போய்க் காஸைப் பூட்டினார்.

“எங்க சுட்டது? சொல்லும் பிள்ளை, எங்க சுட்டது?” அதையே திரும்பத் திரும்பக் கேட்டார். எனக்குத் தோளில் ஒரு சிறு காயந்தான். உருகிய நைலெக்ஸ் ஒட்டி அவருடைய உள்ளங்கைகள்தான் வெந்திருந்தன. அதை அவர் கவனிக்கவே இல்லை. என் உள்பாவாடை முழுக்க லெமனேட் பிசுபிசுக்க, இருவரும் நிலத்திலேயே உட்கார்ந்திருந்தோம்.

அவருடைய கைகள் ஆறிய பிறகு ஒருநாள், “அந்தச் சோடாக் கேக்கைச் செய்யுமன்” என்றார். நான் தயங்கினேன். “நான் இஞ்சதான் நிப்பன்” என்றார். நான் குச்சியை உரசியபோது பின்னால் வந்து நின்று, என் சேலைத் தலைப்பைச் சுருட்டிக் கைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். சுவாலை அடங்கிச் சீராக எரியும் வரை அவர் விடவில்லை. அந்த வீட்டில் இருந்த காலம் முழுக்க ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் நின்றார். பயம் போய்விட்டது என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

மச்சாள் இப்போது இல்லை. என்னிடம் இருப்பது மின்சாரப் போறணை, ஒரு பொத்தானை அழுத்தினால் சூடாகிறது. நான் சேலை கட்டுவதும் குறைந்துவிட்டது. ஆனாலும் கேக்கை உள்ளே வைக்கக் குனியும்போது, யாரோ என்னைப் பின்னால் இழுத்துப் பிடித்திருப்பது போல இருக்கும். அந்தப் பிடி விடும்வரை நானும் நிமிர்வதில்லை.