ஏழு பேர் பார்த்தது

என் கர்ப்பப்பையை ஏழு பேர் பார்த்திருக்கிறார்கள். நான் பார்த்ததில்லை.

எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் அப்படி ஒரு வழக்கம். ஆபரேஷன் தியேட்டருக்குள் எதை வெட்டி எடுத்தாலும், அதை ஒரு ஸ்டீல் தட்டில் வைத்து நர்ஸ் வெளியே கொண்டுவருவார். பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற சொந்தக்காரர்கள் எழுந்து வந்து எட்டிப் பார்ப்பார்கள். எடுத்தது நிஜம்தான் என்பதற்கு அதுதான் அத்தாட்சி. என்னுடையதைப் பார்த்தவர்கள் என் வீட்டுக்காரர், மாமியார், வீட்டுக்காரரின் அண்ணன், அண்ணன் மனைவி, என் தம்பி, எதிர்வீட்டு அக்கா, அப்புறம் எங்களை ஏற்றிவந்த ஆட்டோக்காரர். ஆட்டோக்காரர் எதற்குப் பார்த்தார் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. கூட்டம் கூடவும் அவரும் எழுந்து வந்திருப்பார். வீட்டுக்காரரின் அண்ணன் என் முகத்தை நேராகப் பார்த்து ஒரு வார்த்தை பேச மாட்டார், அவ்வளவு மரியாதை. அவரும் பார்த்திருக்கிறார்.

மாமியார் தெருவில் ஒருவர் விடாமல் சொன்னார். "எம்புட்டுப் பெருசுங்கிறீக, மாங்கா கணக்கா இருந்துச்சு. அதை வயித்துல வச்சிக்கிட்டு இவ எப்படித்தான் வேலைக்குப் போனாளோ." நான் உள்ளறையில் படுத்துக்கொண்டு கேட்டேன். எனக்காக இரக்கப்பட்டுத்தான் பேசுகிறார் என்பது தெரிந்தும் எரிச்சலாக இருந்தது.

அப்போது எனக்கு முப்பத்தாறு வயது. சிவகாசியில் ஒரு அச்சகத்தில் புரூஃப் பார்க்கிற வேலை, இப்போதும் அதேதான். மாதத்தில் பாதி நாள் ரத்தம் போய்க்கொண்டிருந்தது. நாற்காலியை விட்டு எழும்போதெல்லாம் திரும்பிப் பார்த்துவிட்டு எழுவேன். ஸ்கேன் பார்த்த டாக்டர், கட்டி இருக்கிறது, பையை எடுத்துவிடலாம் என்றார். யாருக்கும் அது பெரிய செய்தியாகப் படவில்லை. என் வீட்டுக்காரர் தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் ஃபோர்மேன். அங்கே வேலை பார்க்கிற பெண்களில் எடுத்துவிட்டவர்கள் நிறைய. தீபாவளி முடிந்து வேலை மந்தமாக இருக்கும்போது போய்ப் படுத்துவிட்டு, அடுத்த ஆர்டர் சூடுபிடிப்பதற்குள் வந்துவிடுவார்கள். அப்புறம் மாதவிலக்கும் இல்லை, அதற்கு லீவும் இல்லை. "பிள்ளை ரெண்டாச்சு, இனி அதை வச்சிருந்து என்ன செய்யப் போற" என்று என்னிடம் கேட்காத ஆளே இல்லை. பரணில் கிடக்கிற பழைய தொட்டிலைப் பற்றிப் பேசுகிற மாதிரி பேசுவார்கள்.

என் அம்மாவைக் குடும்பக் கட்டுப்பாட்டு முகாமுக்குக் கூட்டிப்போனபோது, எங்கே போகிறோம் என்பதையே வேனில் ஏறிய பிறகுதான் சொன்னார்களாம். அம்மா அதைச் சிரித்துக்கொண்டே சொல்லும். நான் படித்தவள், சம்பளம் வாங்குகிறவள், எனக்கெல்லாம் அப்படி நடக்காது என்று நினைத்துக்கொள்வேன். அந்த இறுமாப்பை எழுத இப்போது கூசுகிறது.

நானே சரி என்றேன். நானே கையெழுத்துப் போட்டேன். பொங்கல் கழிந்து, காலண்டர் வேலையெல்லாம் முடிந்த பிறகு, முதலாளியிடம் ஒன்றரை மாதம் லீவு சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தேன். அதுவரை எல்லாம் என் முடிவுதான்.

ரத்தம் நின்றது. வேறொன்று தொடங்கியது. அச்சகத்தில் ஏசி ஓடுகிற மெஷின் ரூமில் மற்றவர்கள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நிற்பார்கள், எனக்கு மார்பிலிருந்து சூடு கிளம்பிக் கழுத்து, காது, உச்சந்தலை என்று ஏறும். ரவிக்கை நனைந்துவிடும். அது அடங்கியதும் குளிரும். உட்கார்ந்தால் எழத் தோன்றும், எழுந்தால் நடக்கத் தோன்றும், நடந்தால் எங்கே போகிறேன் என்று மறந்துபோகும். சின்னவள் பென்சிலால் மேஜையைத் தட்டினாள் என்பதற்காக அவள் நோட்டைப் பிடுங்கிக் கிழித்தேன். அவள் அழவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையை இப்போது நினைத்தாலும் என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை.

ஆபரேஷன் செய்த இடத்தில் கேட்டேன். ஆறு மாதத்தில் சரியாகிவிடும் என்றார்கள். ஆறு மாதம் கழித்துக் கேட்டேன். ஒரு வருஷம் ஆகும் என்றார்கள். "வீட்ல எதும் டென்ஷனாம்மா?" என்று டாக்டர் விசாரித்தார். அதுவரை டென்ஷன் இல்லாமலிருந்தாலும், அந்தக் கேள்விக்குப் பிறகு வந்திருக்கும்.

இரண்டு வருஷம் ஓடியது. வீட்டில் யாரிடமும் சொல்லாமல் அரைநாள் லீவு போட்டு, பஸ் ஏறி விருதுநகரில் வேறொரு பெண் டாக்டரிடம் போனேன். ஸ்கேன் எடுத்துக்கொண்டே கேட்டார்.

"ஓவரி ரெண்டையும் எதுக்கும்மா எடுத்தாங்க?"

"இல்ல மேடம், பையை மட்டுந்தான் எடுத்தாக."

அவர் கருவியை வயிற்றின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அழுத்தித் தேடினார். ஓவரி, அதாவது சினைப்பை, இரண்டுமே தெரியவில்லை என்றார். பிறகு நிதானமாக விளக்கினார். கர்ப்பப்பை போனாலும் சினைப்பை இரண்டும் இருந்தால் உடம்புக்கு வேண்டியதைச் சுரந்துகொண்டிருக்கும், அவற்றையும் எடுத்துவிட்டால் மாதவிலக்கு நிற்கிற ஐம்பது வயதில் மெதுவாக வரவேண்டியது ஒரே நாளில் வந்து இறங்கிவிடும். "உங்களுக்கு அதான் நடந்திருக்குன்னு நினைக்கிறேன். பழைய ஃபைலைக் கொண்டுவாங்க, உறுதியாப் பார்த்துட்டு மாத்திரை எழுதுறேன்" என்றார்.

மறுநாள் சிவகாசியில் அந்தப் பழைய ஆஸ்பத்திரிக்குப் போனேன். முன்னறையில் இருந்த பெண்ணுக்கு என் பெரிய மகளைவிடக் கொஞ்சம்தான் வயது கூட இருக்கும்.

"ஆபரேஷன் ஃபைலெல்லாம் பேஷண்ட் வீட்டுக்காரர் வந்தாத்தான்க்கா குடுப்போம்."

"பேஷண்டே வந்திருக்கேம்மா."

"இல்லக்கா, அவுக வந்து கேக்கணும்."

"அவருக்கா வெட்டுனீக?" என்றேன். கொஞ்சம் உரக்கவே சொல்லிவிட்டேன் போல. காத்திருந்த கர்ப்பிணிகள் எல்லோரும் திரும்பினார்கள். உள்ளேயிருந்து வயதான நர்ஸ் ஒருவர் வந்து என்னைப் பார்த்தார், அந்தப் பெண்ணைப் பார்த்தார், பீரோவைத் திறந்தார்.

சம்மதப் படிவத்தில் கீழே என் கையெழுத்து இருந்தது, கறுப்பு மையில். அதற்கு மேலே, அச்சடித்த வரிகளுக்கு நடுவில் கிடைத்த இடத்தில், நீல மையில் யாரோ நெருக்கி எழுதியிருந்தார்கள். இரண்டு சினைப்பைகளும் சேர்த்து, என்று ஆங்கிலத்தில். பக்கத்தில் என் வீட்டுக்காரரின் கையெழுத்து, அதுவும் நீலம். எங்கள் அச்சகத்தில் ஒரு மத்தாப்புப் பெட்டி லேபிளில் நிறம் ஒரு பொட்டு மாறினாலும் ஆர்டர் கொடுத்த பார்ட்டியைக் கூப்பிட்டுக் காட்டிக் கையெழுத்து வாங்காமல் மெஷினை ஓட்ட மாட்டோம். லேப் ரிப்போர்ட் அடுத்த தாளில் இருந்தது. கர்ப்பப்பையில் கட்டி. சினைப்பைகள் இரண்டும் இயல்பாக இருக்கின்றன. அந்த வரியை மூன்று முறை வாசித்தேன். ஒன்றும் ஆகாத இரண்டை எடுத்திருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தட்டுக்குப் பக்கத்தில் அந்தத் தாளை வைத்தேன்.

"இது எப்பப் போட்டீக?"

குனிந்து பார்த்தார். மறைக்கிற ஆள் இல்லை அவர். "நீ உள்ள இருக்கும்போதுதான். நர்ஸம்மா வெளிய வந்து, சினைப்பையையும் சேத்து எடுத்துரட்டுமான்னு டாக்டர் கேக்காங்க, விட்டா பின்னாடி அதுலயும் எதும் வரும்னாங்க. அண்ணனும் எடுத்துர்றதுதான் நல்லதுன்னான். போட்டேன். உன் நல்லதுக்குத்தானே."

அந்த நேரம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழேதான் மரத்திருந்தது. நெஞ்சுக்கு மேலே பச்சைத் துணியைத் திரைபோலக் கட்டியிருந்தார்கள். "வெளிய கேட்டுட்டு வாங்க" என்று டாக்டர் சொன்னது கேட்டது. செருப்புச் சத்தம் என் தலைமாட்டைக் கடந்து போனது, கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தது. "சரின்னுட்டாங்க மேடம்." ரத்தம் ஏற்றுவதற்காக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். மயக்க ஊசி போட்ட டாக்டர் எனக்குப் பேச்சுத்துணையாக, பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று கேட்டார். பெரியவள் எட்டாவது, சின்னவள் நாலாவது என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"நான் முழிச்சுத்தான் கெடந்தேன்" என்றேன். "பேசிக்கிட்டுக்கூட இருந்தேன்."

சோற்றில் கை அப்படியே நின்றது. "மயக்கத்துல இருப்பேன்னுல்ல நெனச்சேன்" என்றார். தாளை மறுபடியும் பார்த்தார். சமாதானம் போல, "உன்னையக் கேட்டிருந்தாலும் சரின்னுதானே சொல்லிருப்ப?" என்றார்.

யோசித்துப் பார்த்தேன். வயிற்றைத் திறந்து போட்டுப் படுத்திருக்கிறவளிடம் டாக்டர் கேட்டால் வேறு என்ன சொல்லியிருப்பேன்.

"ஆமா, சரின்னுதான் சொல்லிருப்பேன்" என்றேன். "ஆனா அதை நான் சொல்லிருப்பேன்."