லென்ஸ் இல்லாமல் வந்த கமரா

மரியநாயகி சொல்லித்தான் என் பேத்தி ஜெசிதா அந்தப் படத்தை வெட்டினாள் என்று கதைக்கிறவர்கள் என் வாசலில் வந்து நின்று சொல்லட்டும். மீன் சந்தையில் குசுகுசுக்க வேண்டாம். பூசை முடிந்து கோயில் முற்றத்தில் நின்றும் குசுகுசுக்க வேண்டாம். மரியநாயகிக்கும் அவளுடைய தம்பி றஞ்சித்துக்கும் ஆறு வருடமாகப் பேச்சில்லை என்பது குருநகர் முழுக்கத் தெரிந்த விசயம். அதனால் தகப்பனின் செத்தவீட்டுப் படத்திலிருந்து தம்பியை எடுத்துவிடச் சொல்லி அவள் கேட்டாளாம், என் பேத்தி எடுத்துவிட்டாளாம். நேற்றும் பக்கத்து வீட்டு றஜிதா வேலிக்கு மேலால் தலையை நீட்டிக்கொண்டு அதையே கேட்டாள்.

"அப்ப ஆச்சி, பெட்டியடியிலை நிண்ட மனுசன் எங்கை போனவர்? கடலுக்கோ?"

"எடி, உனக்குக் கமராவைப் பற்றி என்ன தெரியும்?"

"உங்களுக்கு எல்லாம் தெரியுமாக்கும்!"

எனக்குத் தெரியாதுதான். எழுத்துக்கூடத் தெரியாது. ஆனால் நடந்தது தெரியும். லவீனா, நீ ஜெசிதாவோடு ஒன்றாகப் படித்தவள். நான் சொல்லுகிறதை அப்படியே எழுது பிள்ளை. என் பக்கத்துப் பிழை வரும்போது பேனையை நிறுத்தாதே.

ஜெசிதாவுக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது அவளுடைய தாய், என் மூத்த மகள், காய்ச்சலில் போனாள். தகப்பன் மன்னாரில் வேறு கலியாணம் செய்துகொண்டான். அன்றிலிருந்து அவள் என்னோடுதான். பள்ளிக்கூடம் முடிந்ததும் தையல் பழகு என்றேன். அவள் யாழ்ப்பாணம் டவுனில் கிறகோரியின் ஸ்டூடியோவுக்குப் படம் எடுக்கப் பழகப் போனாள். முதலில் அடையாள அட்டைப் படம், பிறகு கோயிலில் பிள்ளைகளின் முதல் நன்மை, பிறகு கலியாணவீடு. ஐந்து வருடத்தில் தனக்கென்று ஒரு கமராவும் இரண்டு லென்ஸும் சேர்த்தாள். பெட்டைப் பிள்ளை கமராவைத் தூக்கிக்கொண்டு ஆம்பிளைகளுக்கு நடுவில் ஓடுகிறாள் என்று அப்போதும் கதைத்தார்கள். கலியாணப் பொம்பிளை உடுத்து வெளிக்கிடுகிற அறைக்குள்ளே வந்து படம் எடுக்க ஒரு பெண்பிள்ளை இருப்பது எவ்வளவு வசதி என்று கண்டதும், கதைத்தவர்களே தேடி வந்தார்கள்.

அந்தப் பழைய கமராவில் அவளுக்கு ஒரு மனக்குறை இருந்தது. பூசையில் அப்பத்தை உயர்த்திக் காட்டுகிற எழுந்தேற்ற நேரத்தில் பிளாஷ் அடிக்கக் கூடாது என்பது எங்கள் பங்குக் குரு, சுவாமியின் கட்டளை. மெழுகுதிரி வெளிச்சத்தில் அவள் எடுத்த படங்களில் முகமெல்லாம் மணல் தூவின மாதிரி இருக்கும்.

"உள்ளுக்கை படம் விழுற தகடு சின்னன் அம்மம்மா. ஃபுல் ஃபிரேம் எண்டால் தகடு பெரிசு. இருட்டுக்கையும் முகம் துப்பரவாய் விழும்."

"அப்ப பெரிசை வாங்கன்."

"கண்ணை மூடிக்கொண்டு வாங்க ஏலுமோ? ஒருக்கா வாங்கினால் பத்து வருசத்துக்கு அதோடைதான்."

ஒரு வருடமாகத் தெரிவு செய்தாள். எந்தக் கமரா, எந்த லென்ஸ், எது தன் கைக்கு அடங்கும் என்று போனில் பார்த்துப் பார்த்து ஒரு கொப்பியில் எழுதுவாள். கமராவும் லென்ஸும் சேர்ந்தால் வருகிற பாரத்துக்கு ஒரு பையில் சீனியை நிறுத்துக் கட்டி, செபமாலை சொல்லி முடியும்வரை அதைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடிப்பாள். கை நடுங்குகிறதா என்று பார்க்கிறாளாம்.

"மாதா என்னடி நினைப்பா?"

"சீனி தரப்போறன் எண்டு நினைப்பா. நீங்கள் அருள்நிறைந்ததைச் சொல்லுங்கோ."

அந்த நேரத்தில்தான் கிறகோரி தன்னுடைய கமராவை மாற்றப் போவதாகச் சொன்னான். அதுவும் இந்தப் பெரிய தகடு உள்ளதுதான். மூலைகளில் நிறம் தேய்ந்திருந்தது. ஜெசிதா அதை எத்தனையோ கலியாணவீடுகளில் கையில் பிடித்திருக்கிறாள். ஒரு கிழமை வைத்துப் பார் என்று கொடுத்துவிட்டான். அந்த ஞாயிறு பூசையில் எடுத்த படத்தைக் கொண்டுவந்து காட்டினாள். நான் முக்காட்டோடு முழங்காலில் நிற்கிறேன். என் கன்னத்துச் சுருக்கம் ஒவ்வொன்றும் தெரிந்தது. ஒரு மணல்கூட இல்லை.

கிறகோரி வீட்டுக்கே வந்து சொன்னான்.

"ஆச்சி, உது அவளின்ரை கைக்குப் பழகின சாமான். லென்ஸோடை தாறன். காசை ஆறுதலாய்த் தரட்டும்."

நான் வேண்டாம் என்றேன். என் மனுசன் சந்தியோகு ஒருமுறை இன்னொருவன் பாவித்த எஞ்சினை வாங்கி வள்ளத்தில் பூட்டினார். அது நடுக்கடலில் நின்றுபோய், மூன்றாம் நாள்தான் ஆளை இழுத்துக்கொண்டு வந்தார்கள். உதடு வெடித்து, நாக்கு ஒட்டி, கதைக்கவும் ஏலாமல் கிடந்தார். மற்றவனின் கை பட்ட இயந்திரம் என் வீட்டுப் படி ஏறாது என்று அன்றைக்குச் சொன்னவள் நான்.

"அம்மம்மா, கமரா நிண்டால் நான் கடலிலையே நிக்கப் போறன்? றோட்டிலை நிப்பன். ஓட்டோ பிடிச்சு வந்திடுவன்."

"நான் சொன்னால் சொன்னதுதான்."

அவள் என்னோடு சண்டை பிடிக்கவில்லை. இரண்டு நாள் கழித்துக் கிறகோரியின் கமராவைத் திருப்பிக் கொடுத்தாள். அதைப் பிறகு நல்லூர்ப் பக்கத்தில் ஒருவன் வாங்கிக்கொண்டு போனான். நான் பிரான்சில் இருக்கிற என் மகன் றோயிடம் புதுக் கமரா கேட்டேன். மருமகள் ஜெசிதாவுக்கு வாங்கிக் கொடுக்க அவனுக்கும் ஆசைதான். ஜெசிதா தான் தெரிவு செய்த கமராவின் பெயரை அனுப்பினாள். கூடவே ஒரு லென்ஸின் பெயரையும் எழுதி, 'ஏலுமெண்டால் மட்டும் மாமா' என்று போட்டாளாம். புதுசு வருகிறது என்ற நம்பிக்கையில் பழைய கமராவை ஒரு பொடியனுக்கு விற்றாள். பழைய லென்ஸ் இரண்டும் அவனுக்குத் தேவைப்படவில்லை, வீட்டில் கிடந்தன.

இனித்தான் என் பிழை வருகிறது. எழுது.

ஜெசிதா ஒரு முதல் நன்மைக்குப் படம் எடுக்கப் போயிருந்தாள், போன் வீட்டில். கிறகோரியின் சாமான்களோடு போனவள் அதை மறந்துவிட்டாள். அதிலே றோய் அழைத்தான். நான் கதைத்தேன்.

"அம்மா, கடையிலை நிக்கிறன். கமரா எடுத்திட்டன். லென்ஸும் கட்டாயம் வேணுமோ எண்டு அவளை ஒருக்காக் கேக்கோணும்."

"அவளிட்டை ரெண்டு லென்ஸ் கிடக்கு. வீணாய்ச் செலவழியாதை."

"வடிவாய்த் தெரியுமோ அம்மா? வேணுமெண்டால் வாங்கலாம், அதிலை ஒண்டுமில்லை."

"நான் சொல்லுறன்தானே."

அவ்வளவுதான். ஒரு வெற்றிலை போடுகிற நேரம்கூட இல்லை. அவள் வந்ததும் சொல்ல மறந்துபோனேன். அன்றைக்கு மறந்தது உண்மை. அடுத்த நாளிலிருந்து மறக்கவில்லை.

கோயில் பெருநாளுக்குப் பிரான்சிலிருந்து வந்த ஒருவரின் கையில் கமரா வந்தது. அவள் பெட்டியைத் திறந்து, பஞ்சு போன்ற தாளை விலக்கி, அந்தக் கறுத்த சாமானை இரண்டு கையாலும் தூக்கினாள். முன்னுக்கு வட்டமான வாய், அதற்கு ஒரு மூடி. பெட்டிக்குள் திரும்பவும் கையை விட்டுத் துழாவினாள்.

"லென்ஸ் வரேல்லை," என்றாள்.

"பழசு ரெண்டும் கிடக்குத்தானே?"

"அதுகள் சின்னத் தகட்டுக்குச் செய்ததுகள் அம்மம்மா. இதிலை போட்டால் நாலு மூலையும் கறுக்கும்."

போட்டும் காட்டினாள். என்னை வாசலில் நிற்கவைத்து எடுத்தாள். கிணற்றுக்குள்ளிருந்து அண்ணாந்து பார்த்தால் எப்படி இருக்கும், அப்படி நடுவில் நானும் சுற்றிவர இருட்டும். நடுப்பகுதியை மட்டும் எடுக்கச் சொல்லிக் கமராவுக்குச் சொல்லலாமாம். ஆனால் அப்படி எடுத்தால் பழைய கமராவும் இதுவும் ஒன்றுதானாம்.

"மாமாட்டைக் கேப்பமோ?" என்று நான்தான் கேட்டேன், என்ன சொல்லுவாள் என்று பார்க்க.

"சீ, வேண்டாம். அவருக்கு ஏலாமல் போயிருக்கும். இவ்வளவு செய்த மனுசனிட்டை இன்னும் குறை சொல்லுறதே? நான் உழைச்சு வாங்குவன்."

வாய் திறந்திருக்கலாம். ஒரு வசனம். நான் எழும்பிப்போய்த் தேத்தண்ணீர் வைத்தேன்.

பிறகு கலியாணவீடு வரும்போதெல்லாம் கிறகோரியிடம் லென்ஸ் இரவல் வாங்கிச் சமாளித்தாள். மரியநாயகியின் தகப்பன் செத்தபோது கிறகோரி தன் சாமான்களோடு கலியாணவீடொன்றில் நின்றான். செத்தவீடு நாள் பார்த்து வருகிறதா? பழைய லென்ஸைப் பூட்டிக்கொண்டு போனாள். நானும் போயிருந்தேன்.

எங்கள் ஆட்களுக்குத் தெரியும், பெட்டி மூடுவதற்கு முன்னால் குடும்பம் முழுக்கச் சுற்றிவர நின்று ஒரு படம் எடுக்க வேண்டும். வெளிநாட்டில் இருந்து வர முடியாதவர்களுக்கு அதுதான் முகம் பார்க்கிற படம். முப்பத்தோராம் நாள் நினைவு மலரிலும் அதுதான் வரும். எல்லோரும் நின்றாகிவிட்டது. சுவாமி செபப்புத்தகத்தைத் திறந்துவிட்டார். அப்போதுதான் றஞ்சித் வந்தான். கரவெட்டியில் சைவக்காரப் பிள்ளை ஒருத்தியைக் கட்டியதிலிருந்து அவன் அந்த வீட்டுப் படி மிதித்ததில்லை. உள்ளே வந்து தகப்பனின் காலைத் தொட்டுவிட்டு, வரிசையின் கடைசியில் நின்றான். மரியநாயகி திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் ஒரு அரை அடி தள்ளி நின்றாள். என் கண்ணால் கண்டது. தம்பிக்கு இடம் விட்டவள் அவள்.

ஜெசிதா முதுகைச் சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றாள். பின்னுக்குப் போக ஒரு விரல் இடமில்லை. நடுவை மட்டும் எடுத்தால் இரண்டு பக்கத்திலும் ஆட்கள் விடுபடுவார்கள். முழுசாக எடுத்தாள். கமராவின் சத்தம் இரண்டு தரம் கேட்டது. சுவாமி செபத்தைத் தொடங்கினார், பெட்டியை மூடினார்கள்.

வீட்டில் கொம்பியூட்டரில் பார்த்தபோது மற்ற மூலைகளில் ஆள் இல்லை, றஞ்சித்தின் முகத்தில் பாதி கறுப்புக்குள் இருந்தது. ஒரு கண், ஒரு தோள். ஆன மட்டும் வெளிச்சம் கூட்டிப் பார்த்தாள், கறுப்பு கறுப்பாகவே இருந்தது. என்ன செய்வது என்று அவனிடமே கேட்கலாம் என்று மரியநாயகியிடம் நம்பர் கேட்டாள். "அவன்ரை நம்பர் எங்களிட்டை ஏது?" என்று பதில் வந்தது. அச்சடிக்கிறவன் அவசரப்படுத்தினான்.

"அம்மம்மா, இப்பிடியே விடுறதோ, ஓரத்தை வெட்டுறதோ?"

"உயிரோடை இருக்கிறவன்ரை முகத்தைச் செத்தவீட்டுப் படத்திலை பாதி இருட்டுக்கை விடுறதே? நல்லதில்லை. வெட்டு."

"பிறகு அவர் இல்லாமல் போயிடுவார்."

"வெட்டெண்டு சொல்லுறன்."

வெட்டச் சொன்னது மரியநாயகி இல்லை, நான். இதை றஜிதாவுக்கும் சொன்னேன், சந்தையில் நின்றும் சொன்னேன். பேத்தியைக் காப்பாற்றக் கிழவி பொய் சொல்லுகிறது என்றார்கள்.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து கோயில் முற்றத்தில் நினைவு மலரைக் கொடுத்தார்கள். றஞ்சித் நின்ற இடத்திலேயே அதை விரித்தான். அந்தப் பக்கத்தைப் பார்த்தான். மறுபக்கம் புரட்டிப் பார்த்தான். பிறகு நேரே ஜெசிதாவிடம் வந்தான்.

"தங்கச்சி, நான் பெட்டியடியிலை நிண்டனான்தானே?"

"ஓம் அண்ணை. நிண்டனீங்கள்."

"அப்ப நான் எங்கை?"

லென்ஸ், தகடு, மூலை என்று அவள் சொல்லத் தொடங்கினாள். சுற்றிவரச் சனம் கூடிவிட்டது. "கமரா பெரிசுதான், ஆனால் வேண்டாத ஆக்களை அதுக்குத் தெரியாதாம்!" என்று பின்னாலிருந்து ஒருத்தி சொல்ல, சிரித்தார்கள். றஞ்சித் சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. நினைவு மலரை நாலாக மடித்துச் சேட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு போனான்.

அடுத்த நாள் ஜெசிதா அந்த வெட்டாத படத்தைப் பெரிதாக அடித்துக்கொண்டு பஸ் ஏறிக் கரவெட்டிக்குப் போனாள். என்னையும் வரச் சொன்னாள், போனேன். றஞ்சித் தோட்டத்தில் நின்றான். அவனுடைய பெண்சாதி தர்சினிதான் வாங்கிப் பார்த்தாள். கறுத்த மூலையையும் அந்த ஒரு கண்ணையும் கனநேரம் பார்த்தாள்.

"அரை முகமெண்டாலும் எங்களுக்குக் காணும் தங்கச்சி," என்றாள். "தகப்பனோடை நிண்டார் எண்டதுக்கு இவரிட்டை வேறை என்ன இருக்கு? உந்த முகத்தை ஏன் வெட்டினனீங்கள்?"

ஜெசிதா என்னைப் பார்க்கவில்லை. "என்ரை பிழை அக்கா," என்றாள்.

அதற்குப் பிறகு சொல்லிவைத்த கலியாணவீடுகள் இரண்டு ஒன்றன்பின் ஒன்றாக வேறு ஆளிடம் போயின. எங்கள் கோயில் பங்கில் ஒருவரும் அவளைக் கூப்பிடவில்லை. கிறகோரி கொழும்பில் தெரிந்த ஸ்டூடியோ ஒன்றில் கதைத்து இடம் எடுத்துக் கொடுத்தான். அங்கே கமராவும் லென்ஸும் அவர்களே தருவார்களாம். போகாதே என்றேன். அந்தத் தையலுக்குப் பிறகு என் சொல்லை அவள் கேட்காதது அந்த ஒரு முறைதான்.

காலைக் கோச்சிக்கு ஸ்டேசன் போக ஓட்டோ வந்து ஒழுங்கையில் நின்றது. உடுப்புப் பையைத் தூக்கினாள். கமராவை அதன் பெட்டிக்குள்ளேயே வைத்து அலுமாரியின் மேல் ஏற்றியிருந்தாள்.

"அதையேன் பிள்ளை விட்டிட்டுப் போறாய்?"

"லென்ஸ் வாங்கின பிறகு வந்து எடுக்கிறன்." செருப்பைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்தாள். "அம்மம்மா, மாமா போன் எடுத்தால் ஒண்டும் சொல்லாதேங்கோ. அவரிலை எனக்குக் கோவமில்லை. அவரும் பாவம், ஏலுமானதைத்தானே வாங்கித் தந்தவர்."

சொல்லவேண்டிய வசனம் என் வாய்க்குள் வந்தது. அவன் கேட்டவன் பிள்ளை, நான்தான் வேண்டாம் என்றேன். அவ்வளவுதானே? அவளும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஓட்டோக்காரன் கோர்ண் அடித்தான்.

"தண்ணிப் போத்தல் எடுத்தனியோ?" என்று கேட்டேன்.

"ஓம் அம்மம்மா," என்று சொல்லிவிட்டு அவள் படி இறங்கினாள்.